வளைவில் எழும்பும் கார்

(பழைய காரின் பிரேக், சஸ்பென்ஷன் மேம்பாடு குறித்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் பேச்சு பெயின்ட்டில் தொடங்கும், குரோமியத்துக்குத் தாவும், எஞ்சினில் போய் நிலைகொள்ளும். வண்டியை நிறுத்துவதைப் பற்றிய பேச்சு, வந்தால் கடைசியில் வரும். 1960இல் செய்த பிரேக் 1960இன் சாலைக்குப் போதுமானதாக இருந்தது. அன்று முன்னால் போன வண்டியும் அதே மாதிரி பிரேக்கோடுதான் போனது. இன்று முன்னால் போகிறவரிடம் நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஏபிஎஸ் எல்லாம் இருக்கின்றன. அவர் சட்டென்று நின்றால், பின்னால் வருகிற அறுபது வயதுக் காரும் நின்றாக வேண்டும்.

எல்லாப் பழைய கார்களுக்கும் பொதுவாகப் பேசினால் பேச்சு காற்றில் போய்விடும். ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு கார்: இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்ட். சென்னைக்காரர்களுக்கு அது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் பெருங்களத்தூர் தொழிற்சாலையில் செய்து வெளியே விட்ட அதே இரண்டு கதவு வண்டி. பிரேக்கிலும் சஸ்பென்ஷனிலும் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது கடினம். ஏனென்றால் இந்தக் காரின் குறைகளை அதைச் செய்தவர்களே அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தார்கள். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தேடுகிறவர் பந்தயக் கார் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த கார்களைப் பார்த்தால் போதும்.

ஹெரால்ட் 1959 ஏப்ரலில் வந்தது. வடிவம் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டியுடையது. பொறியியல் பொறுப்பு ஹாரி வெப்ஸ்டருடையது. அந்தக் காலத்தில் மற்ற நிறுவனங்கள் பாடியும் சேஸியும் ஒன்றான கூட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்ட் டிரையம்ஃபால் முடியவில்லை. அவர்களுக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியின்றித் தனிச் சேஸி போட்டு, துண்டு துண்டாகச் செய்த பாடியை அதன்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். இந்த நெருக்கடியால் பிற்காலத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு யோகம் அடித்தது: முன் பானெட்டை மொத்தமாக முன்பக்கம் சாய்த்துத் திறந்தால் சஸ்பென்ஷன் முழுக்கக் கண்ணெதிரே இருக்கும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி அது. அந்தத் திருப்பம் லண்டன் டாக்சிக்கு இணையானது.

முன்பக்கம் நல்ல வேலை: மேலும் கீழும் விஷ்போன், நடுவில் சுருள் ஸ்பிரிங். சிக்கல் பின்பக்கத்தில்.

பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் சேஸியோடு அசையாமல் இறுக்கப்பட்டிருக்கிறது. அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு. இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஆக்ஸில் ஷாஃப்ட். அதன் உள்முனையில் மட்டும்தான் யுனிவர்சல் ஜாயின்ட் உண்டு. சக்கரம் மேலே போனாலும் கீழே வந்தாலும் அந்த ஒரே ஜாயின்ட்டை மையமாக வைத்துத்தான் வட்டமாக நகரும். அதாவது சக்கரம் நிமிர்ந்தபடி ஏறி இறங்குவதில்லை, சாய்ந்து சாய்ந்து போகிறது. இதற்கு ஸ்விங் ஆக்ஸில் என்று பெயர். செலவு குறைவு, இடம் குறைவு, குண்டு குழியில் சொகுசு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் பல ஆண்டுகள் இதுதான் இருந்தது.

வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்பக்க டயரைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளு ஷாஃப்ட் வழியாக ஜாயின்ட்டுக்குப் போய்க் காரின் பின்பக்கத்தை மேலே தூக்குகிறது. பின்பக்கம் எழும்ப எழும்ப, வெளிச்சக்கரத்தின் அடிப்பகுதி குடைக் கம்பி மடங்குவது போல உள்ளே போகிறது. டயரின் ஓரம் மட்டும் சாலையைத் தொடுகிறது, பிடி போய்விடுகிறது. ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் ஓடி, பின்பக்கம் இன்னும் எழும்புகிறது. எந்த நொடியில் ஓட்டுபவருக்குக் கார் கைகொடுக்க வேண்டுமோ அந்த நொடியில்தான் கைவிடுகிறது.

அமெரிக்காவில் இதே ஸ்விங் ஆக்ஸில் ஒரு பெரிய சர்ச்சையையே கிளப்பியது. 1960 முதல் 1963 வரை வந்த ஷெவர்லே கார்வேரை 1965இல் நுகர்வோருக்காகப் போராடிய வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் தம் புத்தகத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். எஞ்சின் பின்னால் இருந்த அந்தக் காரில் முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ, பின் டயருக்கு 26 பிஎஸ்ஐ என்று காற்றழுத்தத்தைக் கொண்டுதான் கம்பெனி சமநிலையைக் காப்பாற்றிவந்தது. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் நான்குக்கும் ஒரே அளவு அடித்துவிட்டால் கதை முடிந்தது. 1964 மாடலில் பின்னால் குறுக்குப் பட்டை ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தார்கள். 1965இல் ஸ்விங் ஆக்ஸிலையே தூக்கி எறிந்தார்கள். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 1972இல் அமெரிக்க அரசின் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை சோதித்துப் பார்த்து, பழைய கார்வேர் அந்தக் காலத்து மற்ற கார்களைவிட மோசமில்லை என்று அறிக்கை தந்தது. அது கார்வேருக்குச் சான்றிதழா, மற்ற கார்களுக்குக் கண்டனமா என்பது அவரவர் பார்வை.

இனி டிரையம்ஃப் செய்த திருத்தங்கள். ஹெரால்டின் அதே சேஸிக் குடும்பத்தில் 1962இல் ஸ்பிட்ஃபயர், 1966இல் ஆறு சிலிண்டர் ஜிடி6 என்று வேகமான வண்டிகள் வந்தன. சக்தி கூடியபோது பின்பக்கத்தின் குணம் ஊருக்கே தெரிந்துவிட்டது. பத்திரிகைகள் குறை சொல்ல, 1968இல் ஜிடி6 மார்க் 2க்குப் பின்னால் கீழ் விஷ்போனும் ரோட்டோஃப்ளெக்ஸ் என்ற ரப்பர் இணைப்பும் கொடுத்தார்கள். சக்கரம் சாய்வது பெருமளவு நின்றது. ஆனால் அந்தப் பெரிய ரப்பர் வளையங்கள் விலை கூடியவை, தேய்பவை, மாற்றுவதற்குப் பொறுமை கேட்பவை.

1970இல் ஸ்பிட்ஃபயர் மார்க் 4க்கு வேறொரு யோசனை வந்தது. புத்திசாலித்தனம் என்றால் அதுதான். பழைய கட்டில் எல்லாப் பட்டைகளும் டிஃபரன்ஷியலின் தலையோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். புதியதில் ஒரே ஒரு பட்டை மட்டும் இறுகியிருக்கும்; மற்றவை நடுவில் ஓர் அச்சில் ஊசலாடும். சாலையில் ஒரு மேட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் முழுக் கட்டும் வேலை செய்யும். வளைவில் ஒரு பக்கம் மேலும் ஒரு பக்கம் கீழுமாகப் போனால், ஊசலாடும் பட்டைகள் எதிர்க்காமல் சாய்ந்து கொடுக்கும். இதனால் பின்பக்கத்தில் வெளிச்சக்கரத்தின் மேல் ஏறும் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் தள்ளும் குறைவு, தூக்கலும் குறைவு. வண்டி சாய்வதைத் தடுக்கும் வேலையை முன்பக்கம் வாங்கிக்கொள்ள, தடித்த ஆன்ட்டி ரோல் பாரை முன்னால் போட்டார்கள். இதை ஸ்விங் ஸ்பிரிங் என்பார்கள். 1973இல் ஜிடி6இலும் ரோட்டோஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டு இதையே போட்டார்கள் என்பதிலிருந்து அதன் தரத்தைப் புரிந்துகொள்ளலாம். மலிவானதுதான் கடைசியில் வென்றது.

ஹெரால்டுக்கு இன்று செய்யக்கூடிய ஒற்றை மாற்றம் எது என்று கேட்டால் பதில் இதுதான்: ஸ்விங் ஸ்பிரிங், கூடவே தடித்த முன் பார். இரண்டும் ஜோடி, ஒன்றை விட்டு ஒன்றைப் போடக்கூடாது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் வண்டி வளைவில் அளவுக்கு மீறிச் சாயும். சேஸியில் வெல்டிங் வேண்டாம், துளையும் வேண்டாம்.

சென்னையில் கதை வேறு பக்கம் திரும்பியது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டை ஒட்டி வந்த ஸ்டாண்டர்ட் கெஸலில் ஸ்விங் ஆக்ஸிலையே எடுத்துவிட்டு, அம்பாசடர் போல ஒரே நீள ஹவுசிங் கொண்ட லைவ் ஆக்ஸிலைப் போட்டுவிட்டார்கள். பிற்போக்கு என்று இதைக் கேலி செய்யலாம். ஆனால் எப்போதும் ஐந்தாறு பேரும் மூட்டை முடிச்சும் ஏறும் ஒரு வண்டியை நினைத்துப் பாருங்கள். பாரம் ஏறினால் ஸ்விங் ஆக்ஸிலின் சக்கரங்கள் எதிர்த்திசையில், அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். டயரின் உள்விளிம்பு மொட்டையாகும். பட்டை தளர்ந்துவிட்டதென்று கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகினால் டயர் தேய்வது நிற்கும். ஆனால் ஓட்டுநர் தனியாகப் போகிற அன்று பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலே சொன்ன ஆபத்துக்கு அதைவிடத் தோதான நிலை வேறில்லை. இன்று பழைய ஹெரால்ட் வாங்குகிறவர் முதலில் எண்ண வேண்டியது அந்தக் கட்டில் எத்தனை பட்டை இருக்கிறது என்பதைத்தான்.

மேம்பாட்டுக்கு முன் பழுது பார்த்தல் வர வேண்டும் என்பதற்கு முன்பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த இரும்புத் தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டியிருக்கும். அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்த மரைதான் சுழல்கிறது. தயாரித்தவர்கள் சொன்னது 90 நம்பர் கியர் ஆயில். பட்டறைகளில் நடப்பது கிரீஸ் துப்பாக்கி. கிரீஸ் காய்ந்து கட்டியானால் மரையின் அடிவரை மசகு போகாது, தண்ணீர் போகும். துருப்பிடித்த தண்டு ஒருநாள் மரையின் விளிம்பில் முறியும். சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். பெரும்பாலும் இது மெதுவாக வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது நடக்கிறது என்பது ஓர் ஆறுதல். இதே தண்டு அமைப்பை லோட்டஸ் எலான் போன்ற கார்களும் எடுத்துக்கொண்டன. வடிவமைப்பில் கோளாறு இல்லை. கழற்றிச் சுத்தம் செய்து, மரையை நகத்தால் தடவிப் பார்த்து, ஆயில் நிரப்பி மாட்டினால் நீண்ட காலம் ஓடும். மரை இடப்பக்கத்துக்கு ஒரு திசை, வலப்பக்கத்துக்கு எதிர்த்திசை என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

புஷ், ஷாக் அப்சார்பர் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. புதிய ரப்பர் புஷ் போட்டாலே பாதிப் பேருக்கு வேறு கார் ஓட்டுவது போலிருக்கும். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் வரும், ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் உடம்புக்குச் சொல்லும். வண்டியைத் தாழ்த்தும் ஆசை இருப்பவர்கள் தங்கள் தெருவின் வேகத்தடையை ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

டயருக்கு வருவோம். வண்டியை நிறுத்துவது பிரேக் என்பது பேச்சு வழக்கு, நிறுத்துவது டயர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் உராய்வுக் கெழு 0.8 என்றால், எப்பேர்ப்பட்ட பிரேக் போட்டாலும் நிற்க 31 மீட்டர் வேண்டும். கெட்டுப்போன பழைய டயரும் ஈரச் சாலையுமாக அது 0.5க்கு இறங்கினால் 50 மீட்டர். இந்தப் பத்தொன்பது மீட்டரை எந்த டிஸ்க்கும் மீட்டுத் தராது. அந்தக் காலத்துக் கிராஸ் பிளை டயருக்குப் பதில் நான்கிலும் ரேடியல் போடலாம். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்று கலந்து போடுவது மட்டும் கூடவே கூடாது. பின்பக்கம்தான் முதலில் வழுக்கும். அளவுக்கு மீறி அகலமான டயரும் ஸ்விங் ஆக்ஸிலுக்கு ஆகாது. சக்கரம் சாயும்போது அகலத்தில் பாதி அந்தரத்தில் நிற்கும்.

பிரேக்குக்கு இவ்வளவு நேரம் கழித்து வருவது வேண்டுமென்றேதான்.

ஆட்களோடு சேர்த்து 950 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் ஏறக்குறைய 2.3 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. 100 கி.மீ.க்கு ஏறினால் 3.7 லட்சம். அத்தனையும் சில நொடியில் வெப்பமாக மாற வேண்டும். ஹெரால்டில் அதற்கு இருந்தவை முன்னால் 8 அங்குல டிரம், பின்னால் 7 அங்குல டிரம். டிரம் சூடானால் விட்டம் பெருகி ஷூவை விட்டு விலகும். பெடல் கீழே போகும். லைனிங் சூடேறினால் பிடி குறையும். மலைப்பாதையில் இறங்கும்போது மூன்றாவது நான்காவது மிதியில் தெரியும் இந்தத் தளர்ச்சிக்கு டிஸ்க்தான் மருந்து. டிஸ்க் சூடானால் பேடை நோக்கித்தான் பெருகும். வெட்டவெளியில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும்.

டிரையம்ஃபுக்கு இது தெரியாததல்ல. ஜாகுவார் 1953இல் டன்லப் டிஸ்க்கோடு லெமான் பந்தயத்தை வென்ற மூன்று ஆண்டில், டிரையம்ஃப் தன் டிஆர்3 காரில் கர்லிங் டிஸ்க்கை முன் சக்கரங்களுக்கு நிரந்தரமாகவே கொடுத்துவிட்டது. ஸ்பிட்ஃபயருக்கு 9 அங்குல டிஸ்க், ஜிடி6க்கு 9.7 அங்குலம். ஸ்பிட்ஃபயரின் தண்டு, ஹப், கேலிப்பர் மூன்றும் ஹெரால்டில் அப்படியே உட்காரும். 948 சிசி எஞ்சினுக்கு ஸ்பிட்ஃபயரின் 9 அங்குலமே தாராளம்.

டிஸ்க் போட்ட பலர் பட்டறைக்குத் திரும்பி வந்து சொல்லும் புகார் ஒன்று உண்டு: "பெடல் கல்லு மாதிரி இருக்கு." டிரம்மில் முன் ஷூ சுழற்சியாலேயே தானாக இழுபட்டு அழுந்தும், காலுக்கு அது உதவி. டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. ஆகவே அழுத்தம் கூட வேண்டும். இங்கேதான் மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு பேசுகிறது. 5/8 அங்குலத்துக்குப் பதில் 3/4 அங்குலம் போட்டால் பரப்பு 44 சதவீதம் கூடும். பெரியது நல்லது என்று தோன்றும். ஆனால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் 30 சதவீதம் குறைந்துவிடும். சின்னத் துளை போட்டால் பெடல் கொஞ்சம் நீளமாகப் போகும், பிடி கூடும். அதற்குப் பிறகும் கனமாக இருந்தால் வேக்குவம் சர்வோ. சர்வோ காலின் பாரத்தைக் குறைக்கும், பிரேக்கின் வலிமையைக் கூட்டாது. தேய்ந்த டிரம் பிரேக்குக்குச் சர்வோ போடுவது தளர்ச்சியை மறைக்கும் வேலைதான்.

இன்னொரு பொறி. டிரம்முக்காகச் செய்த பல மாஸ்டர் சிலிண்டர்களின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் லைனில் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் தங்கி நிற்கச் செய்வது அதன் வேலை; டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அது எமன். பேடு விலகாமல் உரசிக்கொண்டே போகும், பத்துக் கிலோமீட்டரில் ஹப்பைத் தொட முடியாது. கேலிப்பர் கெட்டுவிட்டதென்று புதியதை வாங்கி மாட்டி, மறுபடியும் அதே உரசல் என்று அலைகிறவர்கள் அந்த வால்வைத்தான் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸும் இதே வேடம் போடும்: உள்ளே வீங்கி, பிரேக் ஆயிலைப் போகவிடும், திரும்ப விடாது.

காசு அளவாகத்தான் இருக்கிறது, ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் டிஸ்க்கைக்கூடத் தள்ளிப்போடலாம். இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளிப்போடக்கூடாது. ஹெரால்டின் நான்கு சக்கரமும் ஒரே லைனில் கோத்தவை. ஒரு வீல் சிலிண்டரின் ரப்பர் கப் கிழிந்தால் நான்கும் போயிற்று. மிச்சம் கைபிரேக் மட்டும். அமெரிக்கா 1968 முதல் இரட்டைச் சுற்றைக் கட்டாயமாக்கியதால் அங்கே போன ஸ்பிட்ஃபயர்களில் இந்தச் சிலிண்டர் இருந்தது. அதுவும் குடும்பச் சொத்துதான். கர்லிங் வகைப் பிரேக்கைப் பற்றிய அறிவு நம் ஊருக்குப் புதிதுமல்ல. டிவிஎஸ் குழுமமும் கர்லிங்கின் உரிமையாளரான இங்கிலாந்தின் லூகாஸும் சேர்ந்து பிரேக்ஸ் இந்தியாவை 1962இலேயே சென்னை பாடியில் தொடங்கிவிட்டன.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு வரம்பு 155. கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரைவரை. இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுவது மலிவான காப்பீடு. எஞ்சின் ஆயில் ஒரு துளி கலந்தாலும் ரப்பர் கப்புகள் ஊதிப்போகும். ஊற்றப் பயன்படுத்தும் புனல்கூடத் தனியாக இருக்கட்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளும் பழக்கத்தை விட்டு, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 ஆண்டைக் கடந்து, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு எண்ணைத் தருகின்றன. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லுபடி. போல்ட்டில் மாட்டிப் போல்ட்டில் கழற்றும் பாகங்களுக்கு இங்கே இன்னொரு மரியாதை கிடைக்கிறது. சேஸியை வெட்டி வேறு காரின் ஆக்ஸிலை வெல்டிங் செய்கிறவர் அந்தப் பதிவை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார். கழற்றிய பழைய டிரம், தண்டு, பட்டைக் கட்டு எல்லாவற்றுக்கும் கிரீஸ் பூசிச் சீட்டு எழுதிக் கட்டி, பரணில் ஏற்றி வைத்தால், நாளை வண்டியை அசல் நிலைக்குத் திருப்பலாம். விற்கும்போதும் அந்தப் பெட்டிக்கு விலை உண்டு.

வேலை முடிந்த அன்றே நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்த பின், ஆளில்லாத நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 20க்கு மெதுவாகக் குறைத்து, இடையிடையே ஆறவிட்டுப் பலமுறை ஓட்ட வேண்டும். அப்போதுதான் பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று முகம் பழகும். பிறகு ஒருமுறை பலமாக மிதித்து எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே ஒருவரை நிறுத்திப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் முதலில் பூட்டினால் சரி. பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி திரும்பிவிடும். பின் வீல் சிலிண்டரைச் சிறிய துளைக்கு மாற்றிவிட்டு மறுபடியும் அதே சாலைக்கு வர வேண்டியதுதான்.